மஞ்சள் பென்சில் கோடு

ஐந்தரை. இன்னொரு தரம் வைத்தாலும் ஐந்தரைதான் என்று தெரியும், தெரிந்தும் மூன்றாவது தரமாக எடைக்கற்களைக் கம்பியில் கோத்து, கம்பியின் கொக்கியை ரிவால்வரின் விசையில் மாட்டி, குழல் கூரையைப் பார்க்க மெதுவாகத் தூக்குகிறேன். ஐந்து கிலோவுக்கு விசை பாதி வழி வந்து நிற்கிறது. மேலே ஒரு அரைக் கிலோக் கல்லைக் கோத்தால் மீதி வழியும் வந்து குதிரை டப்பென்று விழுகிறது. இந்த ரகத்துக்கு இருக்க வேண்டிய எடை இதுதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டிராயரில் ஒரு ஸ்பிரிங் தராசு கிடக்கிறது, சர்க்கார் கொடுத்தது, அதை நான் தொடுவதில்லை. ஸ்பிரிங்கைப் பற்றி ஸ்பிரிங்கிடமே சாட்சி கேட்கக் கூடாது என்பது என் கட்சி. கல் பொய் சொல்லாது. காகிதம்தான் சொல்லும். இதோ மேஜை மேல் விரித்து வைத்திருக்கிறேனே, இந்தக் காகிதம்: ‘மேற்படி பெண் கன்மேனுக்கு விரல் வலு போதாமையால் உரிய தருணத்தில் சுட இயலவில்லை. எனவே விசையின் எடையைக் குறைத்து இலகுவாக்கித் தருமாறு ஆர்மரர் ஞானதிரவியத்துக்கு உத்தரவிடப்படுகிறது.’ ஆர்மரர் ஞானதிரவியம் நான்தான், ஆயுதம் பழுது பார்க்கிற ஏட்டு. பெண் கன்மேன்! துப்பாக்கியோடு ஒருவருக்குப் பாதுகாப்பாகக் கூடப் போகிறவருக்கு எங்கள் டிபார்ட்மெண்டில் கன்மேன் என்று பெயர், அது பெண்ணாகப் போய்விட்டால் முன்னால் ஒரு ‘பெண்’ணைப் போட்டால் தீர்ந்தது. விரல் வலு போதாதாம். எழுதின மகராசனுக்கு அந்த விரலைத் தெரியுமா? நாலடி தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் சண்முகக்கனி, கிரேடு ஒன் கான்ஸ்டபிள், மடியில் தொப்பியை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. வந்தவுடன் ஆறு தோட்டாவையும் கழற்றி என் டிபன் மூடியில் வரிசையாக நிற்க வைத்தாள், ஒன்றுகூடச் சாயவில்லை. பன்னிரண்டு மணிக்கு நான் இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு மணிக்கு, அவள் பாதுகாக்கிற அன்னத்தாயம்மாளுக்குக் கோர்ட்டில் சாட்சி. இப்போது பத்தே முக்கால்.

கற்களைக் கழற்றிவிட்டு என் விரலால் இழுத்துப் பார்க்கிறேன். எடை என்பது ஒன்று, இழுப்பு என்பது வேறு. எடையைக் கல் சொல்லும், இழுப்பை விரல்தான் சொல்ல வேண்டும். விசையை இழுக்க இழுக்கக் குதிரை பின்னால் சாயும். சுத்தியலைத்தான் நாங்கள் குதிரை என்போம். அதே இழுப்பில் ஆறு அறை உள்ள உருளை ஓர் அறை சுற்றும், சுற்றி முடித்து ‘டிக்’கென்று உட்காரும். அந்த டிக்குக்குப் பிறகு ஒரு நெல்மணி தூரம், அவ்வளவுதான், குதிரை பாய்ந்துவிடும். இந்தத் துப்பாக்கி எனக்குப் பழைய சிநேகிதம். ஒவ்வொரு வருஷமும் கழற்றி மாட்டியிருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு இழுத்தால் இது எது என்று பெயர் சொல்லுவேன். ஆனால் இன்றைக்கு வழியில் ஏதோ இருக்கிறது. மெதுவாக, இன்னும் மெதுவாக. ஆமாம், இங்கே. ஒரு கொரகொரப்பு, அரிசியில் கல் கடிபட்ட மாதிரி, விரல் ஒரு கணம் நின்று பிறகு போகிறது. மறுபடி இழுத்தால் மறுபடி அங்கேயே. சரி, ஆள் கிடைத்துவிட்டான். என் வழக்கப்படி, விசையை அந்த இடத்தில் பிடித்துக்கொண்டு, குதிரையின் பின்விளிம்பு எங்கே நிற்கிறதோ அதற்கு நேராகச் சட்டத்தின் மேல் மஞ்சள் கலர் பென்சிலால் ஒரு கோடு கிழிக்கிறேன். கறுப்பு இரும்பில் மஞ்சள்தான் தெரியும். என் மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கின பென்சில், அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள், பென்சில் பாதிக்குமேல் இருக்கிறது. கோடு எதற்கென்றால், வேலை முடிந்தபின் அதே இடத்தில் மறுபடி மாட்டுகிறதா என்று பார்க்கத்தான், வேறு உபயோகம் கிடையாது. முன்பு ஓர் இன்ஸ்பெக்டர் ஐயா இந்தக் கோட்டைப் பார்த்து, என்னய்யா துப்பாக்கிக்கு மஞ்சள் பூசி வைத்திருக்கிறீர், பொங்கலா என்று கேட்டார். சிரித்துக்கொண்டேன். அவர் போன பிறகும் கோடு கிழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பக்கத்தகட்டைக் கழற்றுகிறேன். திருகுகள் மூன்றும் மூன்று நீளம், மூன்றுக்கும் தனித்தனிக் கிண்ணம். தகட்டைத் தட்டித் தூக்கினால், அடடா, சிவப்பு. எண்ணெயோடு குழைந்து காய்ந்து சாந்தாகிப் போன செம்மணல். தேரி மணல். அன்னத்தாயம்மாள் வீடு தேரிக்காட்டு ஓரம், ஆனி ஆடியில் அங்கே காற்றடித்தால் சோற்றுத் தட்டில்கூட மணல்தான், உறைக்குள் இருக்கிற துப்பாக்கியை மட்டும் விட்டுவிடுமா. நாலு மாதமாக அந்த வீட்டு வாசலில் இந்தப் பெண் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அன்னத்தாயம்மாள் சத்துணவு அமைப்பாளர். பள்ளிக்கூடத்துக்கு எதிர்க்கடைக்காரரைப் பட்டப்பகலில் மூன்று பேர் வெட்டினார்கள், சமையற்கூடத்து ஜன்னல் வழியாக அதைப் பார்த்த ஒரே மனுஷி இந்த அம்மாள். பார்த்ததைப் பார்த்தேன் என்று சொன்னார், அவ்வளவுதான் செய்த குற்றம், அன்றிலிருந்து வாசலில் போலீஸ். இந்தச் சாந்தைச் சுரண்டக் கூடாது, மண்ணெண்ணெயில் ஊறவிட வேண்டும், ஊறட்டும். நல்ல பிரஷ் எங்கே வைத்தேன். இங்கேதான் இருக்கிறது, கையிலேயே. மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்ததை ஆயுதப்படையில் பேசாத ஆள் இல்லை. கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு வந்த அன்னத்தாயம்மாள் வாசலில் இளநீர் குடித்துவிட்டுக் கைப்பையை இளநீர் வண்டியிலேயே வைத்துவிட்டு நடந்திருக்கிறார். இளநீர்க்காரர் பையைப் பார்த்தவர், அம்மா அம்மா என்று ஓடி வந்திருக்கிறார், நல்ல மனுஷர், இடது கையில் பை. வலது கையில் என்ன இருக்கிறது என்பதை அவரே மறந்துவிட்டார். இளநீர் வெட்டுகிறவருக்கு அரிவாள் என்ன தனியா, அதுவும் கை மாதிரிதானே. சண்முகக்கனி திரும்பினபோது பத்தடியில் ஓங்கின மாதிரி ஓர் அரிவாள் வருகிறது.

உறையிலிருந்து எடுத்திருக்கிறாள், நீட்டியிருக்கிறாள், இழுத்திருக்கிறாள். இழுத்திருக்கிறாள்! குதிரை பின்னால் போயிருக்கிறது. பிறகு நிறுத்தியிருக்கிறாள். எப்படி நிறுத்தினாய் தாயே? நான் இருபத்திரண்டு வருஷமாக விசை பார்க்கிறவன், ஆயிரம் விரல்களைப் பார்த்திருக்கிறேன், ரேஞ்சில் காகிதத்தைப் பார்த்துச் சுடும்போதே கிழக்கும் மேற்கும் இழுக்கிற விரல்கள். இது உயிர் போகிற நேரம், ஓர் எட்டு வைத்தால் அரிவாள் கழுத்துக்கு வந்துவிடும், அந்த நேரத்தில் பாதி வழி போன விரலைத் திருப்பிக்கொண்டு வருவதென்றால் அதை என்னவென்று சொல்லுவது. பிரமாதம் என்று சொல்லலாம். சொன்னால் போதாது. இளநீர்க்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம், பையை மட்டும் நீட்டிக்கொண்டே. அன்றைக்கு அவள் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் என்ன எழுதினாள் தெரியுமா, ‘விசையை இழுத்தேன், விசை வரவில்லை.’ அவ்வளவுதான். நான்தான் நிறுத்தினேன் என்று நெஞ்சைத் தட்டிக்கொள்ளத் தெரியாத பெண். அடக்கம். மேலே உட்கார்ந்திருக்கிறவர்கள் அந்த ‘வரவில்லை’யைப் பிடித்துக்கொண்டார்கள். ஏன் வரவில்லை, பெண்பிள்ளை, விரலில் வலு இல்லை, எடையைக் குறை. வந்தவன் நிஜமான கொலைகாரனாக இருந்திருந்தால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வியும் போட்டிருக்கிறார்கள். கேள்வி என்னவோ நியாயமான கேள்விதான். இன்றைக்கு இரண்டு மணிக்கு நிஜ அரிவாள் வந்தால்?

குறைக்க எனக்குத் தெரியாதா? பூ மாதிரி ஆக்கிக் கொடுப்பேன். பூ மாதிரி. சே, அந்த வார்த்தை வராமல் ஒரு விசையைக்கூடத் தொட முடியவில்லை எனக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓர் அதிகாரி போட்டிக்குப் போகும்போது பூ மாதிரி வேணும்யா திரவியம் என்றார். ஆக்கிக் கொடுத்தேன், எனக்கும் அதில் ஒரு மப்பு, என் கைவேலைக்கு அவர் மெடல் வாங்கிவந்தார். மெடல் வாங்கின கையோடு பழையபடி மாற்றியிருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்றார், நானும் விட்டுவிட்டேன். அதே துப்பாக்கியோடு பந்தோபஸ்துக்குப் போய், உறையில் சொருகும்போது சட்டை நுனி பட்டதற்கே வெடித்து, பாதத்தில் இரண்டு விரல் போய்விட்டது. என் தப்புதான்யா என்று ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துச் சொன்னார். திட்டியிருந்தால் ஆறியிருக்கும். இப்போதும் பரேடில் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடக்கிறதைப் பார்க்கும்போது என் ஆள்காட்டி விரல் தானாக மடங்கிக்கொள்கிறது. குறைக்க மாட்டேன். மணலை எடுப்பேன், உரசுகிற இடத்தை நைஸாகத் தேய்ப்பேன், வழியைச் சுத்தம் செய்வேன், எடையைத் தொட மாட்டேன். கனமான விசை கெட்ட விசை இல்லை. எங்கே இருக்கிறோம் என்று விரலுக்குச் சொல்லாத விசைதான் கெட்ட விசை. இதை எந்தக் காகிதத்தில் எழுதி யாருக்கு அனுப்புவது. சாந்து இளகிவிட்டது, பிரஷ்ஷை வைத்தால் கூழாக வருகிறது, சிவப்புக் கூழ். கருங்கல் துண்டில் எண்ணெய் விட்டு நாலு தேய், அதற்குமேல் ஒரு தேய் கிடையாது. காற்றடித்து, துடைத்து, ஊசிமுனையில் எண்ணெய். ஒரு திருகு, இரண்டு, மூன்று. இழுத்துப் பார்க்கிறேன். ஆகா. கிணற்றில் நல்ல கப்பியில் வாளி இறங்குகிற மாதிரி ஒரே சீராக இறங்குகிறது. கற்களைக் கோத்துப் பார்த்தால் அதே ஐந்தரை. இந்தக் கையை நானே கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கிறது. பதினொன்று முப்பது.

“ஏட்டையா.” எழுந்து வந்து மேஜையோரம் நிற்கிறாள். தொப்பி இன்னும் கையில். “முடிச்சிட்டீங்களா?”

“முடிச்சாச்சு கனி. உள்ள தேரியே இருந்துச்சு. ஒரு இடத்துல மணல் மாட்டிக்கிட்டு விசையப் பிடிச்சு நிறுத்துச்சு பாத்துக்க. எடுத்துட்டேன். இனிமே நிக்காது.”

அவள் முகம் ஏன் இப்படிப் போகிறது? சொன்னது நல்ல செய்திதானே.

“நிறுத்துச்சா?” என்கிறாள். “அப்ப அதுதானா ஏட்டையா?”

“எதுதானா?”

“எல்லாரும் என்னை மெச்சுதாவ. அந்த எளநிக்காரர் அண்ணாச்சி வீட்டுலருந்து அவர் பொண்டாட்டி வந்து என் கால்ல விழப் போயிட்டாவ. எனக்கு ராத்திரி உறக்கமே இல்ல. நான் நிறுத்தல ஏட்டையா. நின்னுச்சு. நான் இழுத்தேன், இழுத்தேன், நின்னுச்சு, அப்புறம்தான் அந்தப் பையப் பாத்தேன். அதான் விசை வரலன்னு எழுதிக் குடுத்தேன். பொய் எழுதல.”

அடக்கம் என்று நினைத்தேனே. அந்த ‘வரவில்லை’யை அவர்கள் வலு இல்லை என்று படித்தார்கள், நான் அடக்கம் என்று படித்தேன், அவள் எழுதினது என்னவோ வெறும் சந்தேகம். மூன்று வாரமாக ஒரு சொல்லைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள். நான் பாட்டுக்கு மணலைக் கழுவிக் குப்பைத் துணியில் துடைத்துவிட்டேன். ஒரு மனுஷரைப் பிழைக்க வைத்தது அந்த மணல்தான் என்றால்? அதை எடுத்துவிட்டு, எண்ணெய் விட்டு, வழுவழுவென்று ஆக்கி, ஆகா என்று வேறு சொல்லிக்கொண்டேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பார்த்த கை. பூ மாதிரி, பூ மாதிரி, இரண்டாவது தரமும் அதே வேலையைச் செய்துவிட்டேனா.

“நிறுத்துனது எதுவா இருந்தா என்ன கனி,” என்கிறேன், எனக்கே அது நல்ல பேச்சாகப் படவில்லை. “அவர் பொழைச்சாருல்லா?”

“இன்னைக்கு ரெண்டு மணிக்கு அன்னத்தாய் அக்கா கூண்டுல ஏறுதாவ. எவன் வருவான்னு தெரியாது. அன்னைக்கு நிறுத்துனது நான்னா, இன்னைக்கு நிறுத்தாம இருக்க வேண்டிய எடத்துல நிறுத்தாம இருக்கதும் நானா இருப்பேன். துப்பாக்கிதான் நிறுத்துச்சுன்னா, என் கைய நானே எப்படி நம்ப? எனக்கு அது தெரியணும் ஏட்டையா. நான் இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க. நான் போயி வேற ஆளப் போடச் சொல்லிருதேன்.”

சரியான பேச்சு. மணல் போய்விட்டது. எங்கே மாட்டினது என்பது என் விரலுக்கு ஞாபகம் இருக்கிறதா? பாதிக்குச் சற்று மேலே. அல்லது முக்காலா? சுத்தமாக்கின பிறகு பத்துத் தடவை இழுத்துப் பார்த்துப் பழைய ஞாபகத்தை நானே அழித்துவிட்டேன். இழுப்பு என்பது அப்படித்தான், புதுசு வந்தால் பழசு போய்விடும். மாட்டின இடத்தை எங்கேயாவது எழுதி வைத்திருந்தால். எழுதி. ஏ முட்டாள் திரவியம், கோடு! துப்பாக்கியைத் திருப்புகிறேன். துடைத்தேனே, எண்ணெய்த் துணியால் மேலெல்லாம் துடைத்தேனே, குதிரைப் பக்கமும் துடைத்தேனா, வழக்கமாகத் துடைப்பேன். வெளிச்சத்துக்கு ஜன்னலோரம் கொண்டு போகிறேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி மறுபடி இறக்குகிறேன். இருக்கிறது. பாதி அழிந்து, ஒரு மஞ்சள் கீற்று, ஆனால் இருக்கிறது. என் மகளே, நீ நன்றாயிருப்பாய்.

“கனி, இங்க வா. ஒண்ணே ஒண்ணு கேக்கேன், நல்லா யோசிச்சுச் சொல்லு. அன்னைக்கு இழுக்கும்போது ஏதாவது சத்தம் கேட்டுச்சா? உன் கையில?”

“கோர்ட் வாசல்ல என்ன சத்தம் ஏட்டையா கேக்கும். ஒரே கூச்சல்.”

“காதுல இல்ல. கையில.”

யோசிக்கிறாள். உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். நானே சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது. சாட்சிக்குச் சொல்லிக் கொடுத்தால் அது சாட்சி இல்லை. உருளையைத் திறந்து ஆறு அறையும் காலி என்று நான் பார்க்கிறேன், அவளைப் பார்க்கச் சொல்லுகிறேன், மறுபடி நான் பார்க்கிறேன். பித்தளையில் நானே கடைந்த ஆறு போலித் தோட்டாக்களைப் போட்டு மூடி அவள் கையில் கொடுக்கிறேன். மணல் மூட்டைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லுகிறேன்.

“கண்ண மூடிக்க. அன்னைக்கு எவ்வளவு தூரம் இழுத்தியோ அவ்வளவு தூரம் இழு. அவசரம் இல்ல. அந்த அண்ணாச்சி ஓடி வாராரு. அந்த எடம் வந்ததும் நில்லு.”

கண்ணை மூடுகிறாள். இரண்டு கையும் நீள்கிறது. விரல் விசைக்குள் போகிறது, நகம் ஒட்ட வெட்டின விரல், வெங்காயம் நறுக்கின தழும்பு ஒன்று குறுக்கே. குதிரை அசைகிறது. சாய்கிறது. நான் குனிந்து பக்கவாட்டில் பார்க்கிறேன், என் மூச்சு இரும்பில் படுகிறது. குதிரையின் விளிம்பு மஞ்சள் கோட்டுக்கு வருகிறது, இங்கே நின்றால் மணல்தான், இங்கே நின்றால் மணல்தான், நிற்காதே தாயே, ஆண்டவரே. கோட்டைத் தாண்டுகிறது. தாண்டி இன்னும் போகிறது. உருளை சுற்றி முடிக்கிறது. டிக். அங்கே நிற்கிறது. ஐந்தரை கிலோவைப் பிடித்துக்கொண்டு, ஒரு நெல்மணிக்கு இந்தப் பக்கம், மூச்சுக்குக்கூட அசையாமல் அந்த விரல் நிற்கிறது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பத்து எண்ணலாம்.

“இந்தச் சத்தம்,” என்கிறாள், கண்ணைத் திறக்காமல். “கையில டிக்குனு ஒண்ணு. இது கேட்டுச்சு ஏட்டையா. இது கேட்டப்புறம்தான் நின்னுச்சு.”

“கண்ணத் தொறந்து கோட்டப் பாரு. மணல் பிடிச்ச எடம் அது. நீ நிக்க எடம் எங்க இருக்குன்னு பாரு.”

பார்க்கிறாள். கோட்டுக்கும் குதிரைக்கும் நடுவில் அரை விரற்கடை வெளிச்சம் இருக்கிறது.

“மணல் பிடிச்சதத் தாண்டி இழுத்துருக்க. டிக்கும் தாண்டியாச்சு. அதுக்கப்புறம் இந்தத் துப்பாக்கியில நிறுத்துததுக்கு ஒண்ணுமே கெடையாது கனி. மணலும் இல்ல, ஸ்பிரிங்கும் இல்ல. அந்த எடத்துல நின்னது நீ மட்டும்தான்.”

விசையை எப்படி இழுத்தாளோ அப்படியே மெதுவாகத் திரும்ப விடுகிறாள், குதிரை சத்தமில்லாமல் தன் இடத்துக்குப் போகிறது. பிறகு துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பித் தொப்பியால் முகத்தை மூடிக்கொள்கிறாள், தோள் குலுங்குகிறது. நான் டிபன் மூடியை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த அறையில் எத்தனையோ துப்பாக்கி பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு விரலைப் பார்த்ததில்லை, அதைச் சொல்லத் தெரியவில்லை, “தண்ணி குடிக்கியா” என்று கேட்கிறேன். வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, போலித் தோட்டாவை எடுத்துவிட்டு, நிஜத் தோட்டாவை ஒவ்வொன்றாகப் போடுகிறாள். ஆறு. மூடி உறையில் சொருகுகிறாள். சட்டை நுனியை விலக்கிவிட்டுத்தான் சொருகுகிறாள்.

“எவ்வளவு கொறைச்சிருக்கீங்க ஏட்டையா?”

“ஒரு குந்துமணிகூடக் கொறைக்கல.”

“காயிதம் வந்துருக்கே?”

“அத நான் பாத்துக்கிடுதேன். நீ அக்காவக் கூட்டிட்டுப் போ.”

தொப்பியை வைத்து எனக்கு ஒரு சல்யூட் அடிக்கிறாள், ஏட்டுக்கு அவ்வளவு விறைப்பான சல்யூட் தேவையில்லை, அடிக்கிறாள், போகிறாள். வாசலில் பாராக்காரர் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்கிறது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். ஆயுத அட்டையை எடுத்துப் பேனாவைத் திறக்கிறேன். பழுதுக்கு முன் விசை எடை: ஐந்தரை. பழுதுக்குப் பின் விசை எடை: ஐந்தரை. மெமோ வரும், வரட்டும், இருபத்திரண்டு வருஷத்தில் மெமோ வாங்காத ஆர்மரரா. குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது, வழக்கமாக அதில் ‘சரி’ என்று மட்டும்தான் எழுதுவேன். இன்றைக்கு உத்தரவையும் அவள் வாக்குமூலத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் நிறுத்தி எழுதுகிறேன்: விசை வரவில்லை என்பது பிழை. கன்மேன் சண்முகக்கனி வரவிடவில்லை.